சித்திரை மாதத்து அவரைக்கொட்டை

அம்மா என்னிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள். நான் கையும் களவுமாகப் பிடித்தது ஒரு குழம்புப் பொய்யைத்தான்.

ஓசூரில் தொழிற்சாலை வேலை எனக்கு. தினமும் இரவு எட்டு மணிக்கு ஊருக்குப் போன் செய்வேன். “சாப்பிட்டாயா?” என்பேன். “ஆயிற்று” என்பாள். “என்ன குழம்பு?” என்பேன். இந்தப் பேச்சு இரண்டு நிமிடத்துக்கு மேல் நீண்டதில்லை. போன சித்திரையில் ஒரு நாள், “களியும் பச்சை அவரைக்கொட்டைக் குழம்பும்” என்றாள். சரி என்று வைத்துவிட்டேன். படுத்த பிறகுதான் உறைத்தது. எங்கள் பக்கத்தில் பச்சை அவரைக்கொட்டை மார்கழியிலும் தையிலும் வரும். பனி இறங்கினால்தான் அதற்கு வாசனையே பிடிக்கும் என்பார்கள். சித்திரை வெயிலில் பென்னாகரம் சந்தை முழுவதும் அலைந்தாலும் ஒரு கைப்பிடி கிடைக்காது.

அந்தச் சனிக்கிழமை சொல்லாமல் கிளம்பினேன். தர்மபுரியில் பஸ் மாறி ஊர் போய்ச் சேரப் பன்னிரண்டு மணியாகிவிட்டது. அம்மா திண்ணையில் படுத்திருந்தாள். அடுப்பங்கரையில் ஒரு குண்டானில் முந்தின நாள் சோறு, தண்ணீர் ஊற்றி வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு பொறைப் பாக்கெட், பாதி தீர்ந்தது. குழம்புச் சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. அதன் அடியில் சாம்பல்கூட ஒட்டியிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்தவள் தலைமுடியை அள்ளி முடிய இரண்டு கைகளையும் தூக்கினாள். மணிக்கட்டில் இருந்த பித்தளை வளையல் முழங்கை வரை சரிந்து போய் நின்றது. எனக்குத் தெரிந்து அது மணிக்கட்டை விட்டு நகர்ந்ததே இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்தோம். 42.6 கிலோ. பழைய சீட்டு ஒன்று பீரோவில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் 51 கிலோ என்று எழுதியிருந்தது. இந்த இரண்டு வருடத்தில் நான் இருபது தடவைக்கு மேல் ஊருக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட என் கண்ணில் படவில்லை. நான் போகும் நாளிலெல்லாம் கோழி அடித்துக் குழம்பு வைத்து, எனக்குப் பரிமாறிவிட்டு, “நான் அப்புறம் சாப்பிடுகிறேன்” என்பாள். வயதானவர்கள் மெலிவதைப் பெற்ற பிள்ளை கடைசியில்தான் பார்ப்பான் போலிருக்கிறது. முதலில் கவனித்தவர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டு வரும் தன்னார்வலர் பெண். “ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது, உங்கள் பையனிடம் சொல்லுங்கள் என்றேன், சொல்லவில்லையா?” என்று கேட்டார். எங்கே சொல்வாள்.

அம்மாவுக்கு வயது 73. அப்பா போய் நான்கு வருடம். தனியாக இருக்கிறாள். ஓசூருக்கு வரச் சொன்னால், “அங்கே வந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காரவா?” என்பாள். அதைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அது முடிந்துபோன பேச்சு.

சத்துக் குறைவு என்று தெரிந்ததும் நான் முதலில் செய்ததெல்லாம் தப்பு. ஒரு டப்பா புரதப் பொடி வாங்கிக் கொடுத்தேன். அது சாமி படங்களுக்குப் பக்கத்தில், உறை பிரிக்காமல், விபூதித் தட்டுக்குத் துணையாக மூன்று மாதம் நின்றது. ஓட்ஸ் வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாள் காய்ச்சிவிட்டு, “இது சுவரொட்டி ஒட்டுகிற பசை அல்லவா” என்று கன்றுக்குட்டிக்கு ஊற்றிவிட்டாள். கன்று குடித்தது என்று நற்சான்றும் கொடுத்தாள். பிறகுதான், அவள் என்ன சாப்பிட வேண்டும் என்பதை விட்டுவிட்டு, சாப்பிட்டுக்கொண்டிருந்தது ஏன் நின்றது என்று பார்க்கத் தொடங்கினேன்.

எங்கள் ஊரில் என் சின்ன வயதில் சோறு என்பது பண்டிகைக்கும் விருந்தாளிக்கும்தான். மற்ற நாளெல்லாம் காலையில் கேழ்வரகுக் கூழ், மதியமோ இரவோ களி. மலைப்பக்கத்துச் சாமை வந்தால் சாமைச் சோறு. ரேஷனில் 2008-இல் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் கிடைத்தது. அந்த அரிசியை நான் குறை சொல்லமாட்டேன். பட்டினி என்ற சொல்லை ஊரிலிருந்து துரத்தியது அதுதான். “அரிசி வந்து களியை விரட்டிவிட்டது” என்று எல்லோரும் சொல்வதுபோல நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அரிசி வந்த பிறகும், அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் களி இருந்தது. நின்றது எப்போது என்று அம்மாவையே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வலது தோளைத் தொட்டுக் காட்டினாள். “இது தூக்க முடியாமல் போனபோது.”

களி கிண்டுவதை அருகில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். உலையில் நொய் வெந்ததும் மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் ஒரு குழி போட்டு, ஆவியில் வேக விடவேண்டும். பிறகு பானையை இறக்கித் தரையில் வைத்து, கவையான குச்சியை விளிம்பில் மாட்டி, அதன் இரு முனைகளையும் கால்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துச் சுற்றவேண்டும். மாவு இறுக இறுகத் துடுப்பு எதிர்த்துத் தள்ளும். கட்டி தட்டாமல் வர ஐந்து நிமிடம் முழு பலத்தையும் போடவேண்டும். அம்மாவுக்குத் தோள் இறுகிப்போயிருந்தது. அதிலும் ஒரு ஆளுக்கு ஒரு உருண்டைக் களியை அவ்வளவு பெரிய பானையில் யார் கிண்டுவார்கள்? சோறோ தானாக வெந்துவிடும். ஒரு விசில், இரண்டு விசில், முடிந்தது.

சரி, களி போய்ச் சோறு வந்தால் என்ன நஷ்டம்? புரதத்தைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. நூறு கிராம் கேழ்வரகிலும் நூறு கிராம் அரிசியிலும் ஏறக்குறைய ஏழு கிராம்தான். சுண்ணாம்புச் சத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும், அரிசியில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால் பெரிய நஷ்டம் இதுவும் இல்லை. களிக்கு ரசம் ஊற்றிச் சாப்பிட முடியாது. உருண்டையைக் கிள்ளி, தோய்த்து, மெல்லாமல் விழுங்கவேண்டும். அதற்குக் கெட்டியான குழம்பு வேண்டும். கொள்ளுக் கடைசலோ, அவரைக்கொட்டையோ, பருப்பு போட்ட கீரையோ, கருவாடோ. களி இருந்தவரை அம்மாவின் தட்டில் பயறு தானாகவே வந்து விழுந்துகொண்டிருந்தது. சோற்றுக்கு ரசம் போதும். அதுவும் இல்லையென்றால் ஊறுகாயும் மோரும் போதும். கை ஓய்ந்தது, களி போனது, களியோடு குழம்பு போனது, குழம்போடு சதை போனது. சதை போனதால் கை இன்னும் ஓய்ந்தது.

ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வயதானவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது புரதம் வேண்டும், 1.2 கிராம் வரை போனாலும் நல்லது என்கிறார்கள் முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள். அம்மாவுக்கு 45 கிராம் என்று வைத்துக்கொண்டேன். அவள் சாப்பிட்டதோ ஒரு நாளைக்கு இருநூறு கிராம் அரிசிச் சோறு, மூன்று வேளைத் தேநீர், இரண்டு பொறை. எப்படிக் கூட்டினாலும் இருபதைத் தாண்டவில்லை.

அந்த வீட்டில் புரதம் இல்லாமல் இல்லை என்பதுதான் வேடிக்கை. நான்கு நாட்டுக்கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. முட்டை கடைக்குப் போனது, ஒன்று பதினைந்து ரூபாய். மாடு கறந்தது. காலையும் மாலையும் பால் முழுவதும் சொசைட்டிக்குப் போனது. அம்மா குடித்தது பால் விடாத வரத்தேநீர். ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு முப்பது ரூபாய்க்கு வாங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பருப்பு எங்கே என்று தேடினேன். பரண்மேல் ஒரு பிஸ்கட் டின்னில், வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு, மூன்று கிலோ இருந்தது. “பேரனுக்கு” என்றாள். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு முறை ஊரிலிருந்து கிளம்பும்போதும் ஒரு மஞ்சள் பையில் பருப்பும் வேர்க்கடலையும் முட்டையும் கட்டிக் கொடுப்பாள். நானும் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு ஓசூருக்கு வருவேன். என் அம்மாவின் உடம்பிலிருந்து போன எட்டுக் கிலோவை நான்தான் தவணை முறையில் பஸ் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறேன்.

மாத்திரை விஷயத்தையும் சொல்லவேண்டும். அம்மாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. ஒரு மருத்துவர் போகிற போக்கில் “சோற்றைக் குறையுங்கள், பழம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம், கடலை வேண்டாம்” என்று சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்பதெல்லாம் அம்மாவுக்கு மனப்பாடம். எது வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. போதாக்குறைக்குக் கிருத்திகைக்கு விரதம். மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டு, அன்னம் தொடாமல் இருந்து, ஆடிக் கிருத்திகை அன்று மாட்டுக் கொட்டகையில் கண் இருட்டி உட்கார்ந்திருக்கிறாள். இதையும் என்னிடம் சொன்னது பக்கத்து வீட்டு அத்தைதான். சில சர்க்கரை மாத்திரைகள் வெறும் வயிற்றில் சர்க்கரையை அளவுக்கு மீறிக் கீழே இழுத்துவிடும். மெட்பார்மின் மாத்திரை சிலருக்குப் பசியை மந்தமாக்கும், பல வருடம் எடுத்தால் பி12 குறையவும் வாய்ப்பு உண்டு. “பசியே இல்லை” என்று ஒரு முதியவர் சொன்னால் அதை வயதின்மேல் போட்டுவிடாமல், மாத்திரைச் சீட்டையும் எடைச் சீட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போகவேண்டும். நாங்கள் போனோம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.4 இருந்தது. ஒரு மாத்திரையை மாற்றினார், பி12 ஊசி எழுதினார், பருப்பு, கடலை, முட்டை எல்லாம் சாப்பிடலாம் என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் நூறு தடவை சொல்லியிருந்தாலும் நடக்காதது அந்த ஒரு வார்த்தையில் நடந்தது. விரத நாளில் மாத்திரையை என்ன செய்வது என்றும் அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டோம்.

பல்லும் தண்ணீரும் எங்கள் மாவட்டத்தில் ஒரே கதை. ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். என் வயதுக்காரர்களைச் சிரிக்கச் சொன்னால் பல்லின் பழுப்புக் கறையை வைத்தே தர்மபுரிக்காரன் என்று சொல்லிவிடலாம். அம்மா தலைமுறைக்கு மூட்டும் முதுகும் இறுகிப்போனதில் அதற்கும் பங்கு உண்டு. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு குடிக்க நல்ல தண்ணீர் கிடைக்கிறது. ஆனால் அம்மா ஒகேனக்கல் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, சமையலுக்குப் போர்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். “கொதிக்கிறதே, போய்விடாதா?” என்றாள். புளோரைடு கொதித்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாகும். களியும் கூழும் ஏகத்துக்குத் தண்ணீர் குடிக்கிற சாப்பாடு. இன்னும் இரண்டு குடம் வாங்கி வைத்து, உலைக்கும் அதே தண்ணீர்தான் என்று ஏற்பாடு செய்தோம். அவள் வாயில் கடைவாய்ப் பற்கள் ஒன்றும் மிச்சமில்லை. கடலையைக் கடிக்க முடியாது. அதை வறுத்துப் பொடித்து, பூண்டும் மிளகாயும் வைத்து இடித்துக் கொடுத்தால் போதும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அத்தனை நாளும் முழுக்கடலையாக வறுத்து டப்பாவில் போட்டுவிட்டு, ஏன் குறையவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதில் உண்மையாகப் பலன் கொடுத்தது ஒன்றுதான். அது என் யோசனையும் இல்லை, அத்தையின் யோசனை. அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை, தெருவழி அத்தை. தனிக்கட்டை, முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வருகிறது. அவருக்கு அறுபத்தைந்து வயதுதான், தோள் நன்றாக இருக்கிறது. உதவித்தொகை வாங்குபவர்கள் மதியம் சத்துணவு மையத்தில் சாப்பிடலாம். அங்கே சாப்பிடாதவர்களுக்கு மாதம் நான்கு கிலோ அரிசி. “பிள்ளைகளோடு தட்டு ஏந்தி நிற்க எனக்குக் கூச்சம்” என்று அரிசியை வாங்கிக்கொள்கிறார். அவர் கேட்டார்: “நான் ஒருத்திக்காகக் கிண்டுவதை உங்கள் அம்மாவுக்கும் சேர்த்துக் கிண்டினால் என்ன? மாவும் குழம்பும் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.”

அப்படித்தான் தொடங்கியது. 2023 முதல் எங்கள் மாவட்டத்து ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கிறார்கள். வாங்கிவிடலாம். கல் பார்த்து, காயவைத்து, அரைக்க மிஷினுக்கு யார் தூக்கிக்கொண்டு போவது? அம்மா அதனாலேயே வாங்காமல் விட்டிருந்தாள். இப்போது நான் மாதம் ஒரு முறை போகும்போது இரண்டு வீட்டுக் கேழ்வரகையும் மிஷினில் அரைத்து வைத்துவிட்டு வருகிறேன். முதியோருக்கு உதவ நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: டப்பா வாங்கிக் கொடுப்பதைவிட மூட்டையைத் தூக்கிக் கொடுப்பது மேல். அம்மா உட்கார்ந்தபடியே குழம்பு வைத்துவிடுவாள். ஒரு நாள் கொள்ளு, ஒரு நாள் துவரையும் முருங்கைக் கீரையும். மேல்வீட்டுப் பெரியம்மாவும் ஒரு கிண்ணத்தோடு வந்து சேர்ந்துகொண்டார். அவருக்கு மருமகள் இருக்கிறாள், மகன் இருக்கிறான், சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் அந்த வீட்டில் அவர் தட்டு எல்லோரும் சாப்பிட்ட பிறகு, டிவிக்கு எதிரில். “இங்கே வந்தால் பேசிக்கொண்டே ஒரு உருண்டை கூடுதலாக இறங்குகிறது” என்றார். வாரத்தில் நான்கைந்து நாள் மதியம் எங்கள் வீட்டுத் திண்ணையில் மூன்று பேரும் சாப்பிடுகிறார்கள். மீதி நாள் சண்டை. பெரும்பாலும் உப்பைப் பற்றித்தான். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் என்பதால் குழம்பில் உப்பைக் குறைத்துப் போடச் சொல்லியிருக்கிறோம், பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அவருக்கு மட்டும் தனியாக உப்பு ஜாடி வைக்கப்பட்டிருக்கிறது.

காலையில் கூழ். இதிலும் ஒன்று கவனித்தேன். கூழ் என்ற பேரில் அம்மா குடித்துக்கொண்டிருந்தது தண்ணீர். ஒரு கைப்பிடி மாவை ஒரு பெரிய சொம்பு தண்ணீரில் கரைத்தால் வயிறு நிறைந்துவிடும், உடம்புக்கு ஒன்றும் சேராது. இப்போது கெட்டியாகக் காய்ச்சி, நிறைய மோர் விட்டு, கடலைப் பொடி தொட்டுக்கொள்கிறாள். பாலில் ஒரு டம்ளர் சொசைட்டிக்குப் போவதற்கு முன்பே எடுத்து வைக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். போன பிறகு எடுப்பது நடக்காத காரியம், அளவு குறைந்தால் அவளுக்கு மனசு கேட்காது. முட்டை, நாளுக்கு ஒன்று. புரட்டாசியில் மட்டும் நிறுத்திவிட்டாள். அந்த மாதம் பருப்பைக் கூட்டினோம், வாதாடவில்லை.

போனில் கேட்கும் கேள்வியையும் மாற்றிவிட்டேன். “சாப்பிட்டாயா?” என்று கேட்டால் பதில் எப்போதும் “ஆயிற்று” தான். இப்போது அத்தையைக் கூப்பிட்டு, “இன்று யார் குழம்பில் காரம் அதிகம்?” என்று கேட்கிறேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள்.

மாதம் ஒரு முறை எடை பார்க்கிறோம். ஆறு மாதத்தில் 46.2 வந்தது. பிறகு ஒரு காய்ச்சலில் ஒரு கிலோ போய், திரும்ப ஏறிக்கொண்டிருக்கிறது. 51 இனி வருமா என்று தெரியவில்லை, வராவிட்டாலும் பரவாயில்லை. வளையல் முழங்கைக்குப் போவதில்லை, முன்கையின் பாதியில் நின்றுவிடுகிறது. போன மாதம் துடுப்பை வாங்கி இரண்டு சுற்று தானே சுற்றிப் பார்த்தாளாம். அத்தைதான் பிடுங்கிக்கொண்டாராம்.

மஞ்சள் பை மட்டும் நிற்கவில்லை. போன ஞாயிறு கிளம்பும்போது பருப்புப் பொட்டலத்தை நீட்டினாள். வாங்கி, அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போன நேரத்தில் பரண்மேல் டின்னிலேயே கொட்டிவிட்டு வந்தேன். ஓசூர் வந்து பையைப் பிரித்தால், என் இரண்டு சட்டைகளுக்கு நடுவில், செய்தித்தாளில் சுற்றி, அரைக் கிலோ துவரம் பருப்பும் ஆறு முட்டையும். ஒன்றுகூட உடையவில்லை.